நோய் வந்த வழி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, இப்போது என் சட்டைக் கறையெல்லாம் அவளுக்குத் தெரிகிறது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும், போனில் என்றால் நடுவில் சமாளித்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பகுதியைக் கோமாரி நோய் அபாயப் பகுதி என்று அறிவித்தது உனக்குத் தெரியும். இங்கே பால் ஊற்றி விற்க ஒவ்வொரு கொட்டகைக்கும் அனுமதிச் சான்று வேண்டும். மாட்டுக்கு வாயில் புண் கண்டால் அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் சொல்ல வேண்டும், அந்தக் கொட்டகை ஆள் வேறு கொட்டகையில் கால் வைக்கக் கூடாது. இதையெல்லாம் தெருவுக்கே படித்துச் சொல்லி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன் நான். அந்த நான், நம் செவலைப் பசுவுக்கு வாயில் புண் கண்டு எச்சில் ஒழுகியபோது மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த டாக்டர் பள்ளியில் என் நோட்டைப் பார்த்து எழுதிப் பாஸானவன். போன தடவை சோதனைக்கு வந்து, நாலு பேர் பார்க்க, 'சார், காலைக் கழுவிட்டு உள்ள வாங்க' என்று என் கொட்டகை வாசலிலேயே என்னை நிறுத்தினான். அவனிடம் போய் நிற்பதா என்று வீம்பு. தீவனத்தில் முள் குத்தியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், படித்தவனுக்கு அதுவும் நன்றாக வருகிறது.

அந்த மூன்று நாளில்தான் அத்தைக்கு மணிக்கட்டு வீங்கியது. அண்ணன் என்ற உரிமையில் நான் போய், அதே செருப்பு அதே கையோடு, அவள் மாடுகளைக் கறந்து கொடுத்தேன். ஒரு வாரத்தில் அவளுடைய ஐந்தும் படுத்துவிட்டன. செவலை தேறிவிட்டது, அதற்கு நோய் வந்ததே யாருக்கும் தெரியாது. அவள் சான்று நின்றுபோய், மறுபடி விண்ணப்பிக்க என்னிடமே வந்தாள். 'நோய் வந்த வழி' என்று ஒரு கட்டம். அவள் எதிரில் உட்கார்ந்து 'எந்தப் புண்ணியவான் கொண்டு வந்தானோ அண்ணா' என்கிறாள், நான் 'தெரியவில்லை' என்று முத்து முத்தாக எழுதினேன். வழி தெரியாவிட்டால் சுற்றுவட்டாரம் முழுக்கச் சோதித்து முடியும்வரை சான்று கிடையாது, அதுவும் எனக்குத் தெரியும். மாடுகள் தேறியும் இரண்டு மாதமாகக் கறந்ததைக் குழியில் கொட்டினாள்.

திங்கட்கிழமை வந்து, தொழிலையே விட்டுவிடுகிறேன், அதற்கான படிவத்தையும் நீயே எழுது என்றாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, நோய் என் கையோடுதான் வந்தது என்று சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. 'உன் எழுத்துன்னு நம்பி, படிக்காமயே கையெழுத்துப் போட்டேனே' என்றாள், அவ்வளவுதான். டாக்டரிடமும் போய் எழுதிக் கொடுத்தேன். நக்கலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். நம் சான்று ஒரு வருஷத்துக்கு ரத்து. அத்தைக்குப் பதினைந்து நாளில் கிடைத்துவிடுமாம்.

உன் அம்மா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை, நீயும் கோபப்படலாம். அத்தைக்குப் போன் செய், ஆனால் எனக்காகப் பரிந்து பேசாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ நீண்ட ஆயுளோடு, யார் முன்னாலும் தலை நிமிர்ந்து இருக்க வேண்டும்.

புது விண்ணப்பத்தை அத்தை என்னிடம் தரவில்லை, கோணல் எழுத்தில் தானே நிரப்பினாள். டாக்டர் மேஜையில் பார்த்தேன். அந்த 'நோய் வந்த வழி' கட்டத்தில், 'எனக்குக் கை முடியாதபோது அண்ணன் வந்து பால் கறந்து உதவினார்' என்று எழுதியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா