வைல்ட்பிளட் என்னும் குடும்பப்பெயர்

1847 மார்ச் 2

காலைச் செபத்திற்குப்பின் இலத்தீன் செய்யுள் சிறிது வாசித்தேன். பனி உருகி முற்றம் சேறாயிற்று. மாலையில் என் மகன் ஈனாக், மதுக்கடையில் ஒருவனுடைய தாடையை உடைத்துவிட்டான். கல்குவாரியில் சம்மட்டி பிடிக்கும் கை. ஊர்க்காவலர் பிளான்ட் அவனை வீடுவரை கொண்டுவந்து விட்டுச் சிரித்தார்: “வைல்ட்பிளட், அடங்காத ரத்தம்னு பேர வச்சுக்கிட்டு ஆட்டுக்குட்டியாவா இருப்பான், பெரியவரே?”

ஸ்டாஃபோர்ட்ஷயரின் இம்மேட்டுநிலத்தில் வைல்ட்பிளட் என்னும் பெயர் எங்கள் கூரையின்கீழ் மட்டுமே உண்டு. எந்த முன்னோனுக்கு, எந்தச் சண்டைக்காகச் சூட்டினார்களோ, எவருக்கும் தெரியாது. இன்று நாய்கள் கடித்துக்கொண்டாலும் ஊரார் அப்பெயரைத்தான் கூவுகிறார்கள்.

மார்ச் 9

மருமகள் கெசியாவுக்கு நிறைமாதம். கஞ்சி ஆறியிருந்ததாம். அடுப்புக் கிளறும் இரும்புக்கம்பியால் ஈனாக் அவள் முதுகில் அடித்தான். குறுக்கே பாய்ந்தேன், என் விலாவிலும் ஒன்று விழுந்தது. பிளான்ட் வந்து பார்த்து, “பேரு அப்படி” என்றார்.

பேரா அடிக்குது? பேருக்குக் கையா இருக்கு?

மார்ச் 20

ஆண்பிள்ளை. இருவரும் பிழைத்தனர். ஆண்டவருக்குத் தோத்திரம்.

மார்ச் 28

ஈனாக் தொட்டிலை ஓங்கி உதைத்தான். “இவனும் ஈனாக்குதான். ஈனாக் வைல்ட்பிளட்! ஊரே நடுங்கணும். நீதான் ஞானத்தந்தை, கெழவா. ஒழுங்கா சொல்லு.”

அவன் போனபின் கெசியா என்னருகே வந்தாள். “மாமா, எங்கப்பா வீட்டுப் பேரு மெல்லர். அதையே முன்பேரா வச்சிடுங்க. எத்தனை வீட்டுல தாய்வீட்டுப் பேர வைக்கிறாங்க! ஊரு இவன மெல்லர்னே கூப்பிடட்டும். நாளைக்கு இவன் கைய நீட்டுனா, பேரு மேல பழியப் போட முடியாது.”

ஞானஸ்நானத் தொட்டியருகே ஞானத்தந்தை உரைப்பதே பெயர். போதகர் அதைச் சொல்லி நீர் வார்த்துவிட்டால், பின்பு மாற்ற இயலாது.

“அடிப்பானேம்மா,” என்றேன்.

“என்னை சமையல்கட்டுல அடிக்கிறான். உங்களைக் கோயில்ல அடிச்சா நாலு பேராவது பாப்பாங்க.”

இவளுக்குச் சிரிக்கவும் வருகிறதே! — சொன்னால் அவன் கொல்வான். என்னையா, இவளையா?

ஏப்ரல் 4, உயிர்த்தெழுதல் திருநாள்

இடக்கையால் எழுதுகிறேன்.

“இப்பிள்ளைக்குப் பெயரிடுங்கள்” என்றார் போதகர். “மெல்லர்” என்றேன். அவர் அப்பெயரைச் சொல்லி நீர் வார்த்தார். மறுகணம் ஈனாக்கின் அடியில் என் வாய் உடைந்தது. ஞானஸ்நானத் தொட்டியின் நீர் சிவந்தது. கீழே விழுந்த என்னை மிதித்தான். வலது மணிக்கட்டு நொறுங்கிய ஓசையை நானே கேட்டேன். தடுக்க வந்த போதகரைத் தூணில் மோதினான். பிள்ளையைப் பறிக்கத் திரும்பியபோது, கெசியா பித்தளை விளக்குத்தண்டை எடுத்து அவன் முகத்தில் ஓங்கி அடித்தாள். ஊரே பார்த்தது. பிளான்ட் இருக்கைகளைத் தாண்டி ஓடிவந்தார். சிரிக்கவில்லை. மணிக்கயிற்றால் அவனைக் கட்டினார்கள்.

நான் பெற்ற பிள்ளை. என்ன செஞ்சுட்டேன்? என்ன செஞ்சுட்டேன் நான்?

ஏப்ரல் 19

நீதிபதியின்முன் ஈனாக் பல்லிளித்தான். “அது எங்க ரத்தத்துலயே இருக்குதுங்க, ஐயா. பேரே சொல்லுதே.”

சிலர் நகைத்தனர். நீதிபதி என்னை நோக்கினார். “பெரியவரே, உங்க குடும்பப் பேரு?”

“வைல்ட்பிளட், ஐயா.”

“வாழ்நாள்ல யாரையாவது கை நீட்டி அடிச்சிருக்கீங்களா?”

“இல்லீங்க.”

நகைப்பு நின்றது. ஈராண்டுக் கடுங்காவல். கூட்டிச் செல்லும்போது மகன் என் காலடியில் துப்பினான். அவனுக்காகச் செபிக்க முயன்றேன். வார்த்தை வரவில்லை, அவன் பெயரை மட்டும் ஆண்டவரிடம் சொன்னேன்.

மே 6

நண்பகல். வாசற்கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு, கெசியா நாற்காலியிலேயே உறங்கிப்போனாள். அவ்வழியே சென்ற பிளான்ட் தொப்பியைக் கழற்றி, “மெல்லர் தூங்கறானா?” என்று மெல்லக் கேட்டார்.

தூங்குகிறான் என்று தலையசைத்தேன்.