மாடிப் பலகையில் நமத்த உப்பு

என்னங்க,

நம் நாய் சீசர் மாடி ஏறியே பல வாரமாகிறது. பிறகு எப்படி மழை பெய்தால் மட்டும் அந்தப் பலகைத் தரையில் மூத்திர வாடை வருகிறது? இதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. "திருட்டுத்தனமா ஏறி மோண்டு வைக்கான். நாளைக்கே காரியாபட்டில அக்கா தோட்டத்துல விட்டுட்டு வந்துருவேன்" என்று நேற்றுக் கத்தினீர்கள். கோபத்தில் கேட்கமாட்டீர்கள் என்றுதான் இதை எழுதி வைக்கிறேன்.

அது பழைய கறை. உங்கள் அப்பா மாடியில் கடைசியாகப் படுத்திருந்தபோது சீசர் கட்டிலடியை விட்டு நகரவே இல்லையே, அப்போது ஊறியது. ஈரம் காய்ந்தாலும் மூத்திரத்தின் உப்பு மரத்துக்குள் தங்கிவிடும். மழைக்காற்றுப் பட்டால் உங்கள் பட்டாசுக் கம்பெனி மருந்து நமத்துப்போகிறதே, அதைப்போல இந்த உப்பும் நமத்து வாடையைக் கிளப்பும். ஃபினாயில் வாடையை மறைக்கும், உப்பைத் தொடாது.

டியூட்டிக்குப் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. அவனை அனுப்பிவிடாதீர்கள்.

எவாஞ்சலின்

எழுத மறந்தது: நாய்களுக்கான கடையில் வாங்கிய என்சைம் திரவம் மாடிப்படியில் இருக்கிறது. கறை நனைய ஊற்றி, பாலித்தீன் தாளால் மூடி, ஒரு நாள் விட்டு, துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் காயவிடுங்கள். அது உப்பையே சிதைத்துவிடும். ஜன்னலோரக் கறையில் போன வாரம் செய்து பார்த்தேன்; நேற்றைய மழைக்கும் அங்கே வாடை வரவில்லை.