இரண்டு பாதியும் ஒரு "தோ"வும்

பிப். 5, திங்கள்
பனிமூட்டம். பத்து மணிக்கும் வீட்டில் விளக்கு. நித்யாவுடன் ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம். நாற்காலி நாற்காலியாக ஏறி இறங்கினாள், யாரோ ஒரு பெரியவரின் குல்லாவைப் பறித்தாள். எட்டு வயசு! டாக்டரம்மா முகம் சுளிக்கவே இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை, அவளால் நிறுத்த முடியவில்லை என்றார். காலில் விழலாம் போலிருந்தது. இத்தனை நாள் எல்லோரும் என் வளர்ப்பைத்தான் சொன்னார்கள்.

துறுதுறுப்பு அடங்க, மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரை மாத்திரை. பயம். அவள் சிரிப்பும் சேர்ந்து போய்விடுமோ?

பிப். 6, செவ்வாய்
லீவு. கத்தியால் மாத்திரையை வெட்டியதில் ஒரு பாதி பறந்து அலமாரி அடியில். மற்றப் பாதியைக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்டமின் என்றேன். சாயங்காலம்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னம்மா, டிவி மாதிரி பாக்கற?"

இவர் டூரிலிருந்து போன். "மந்தமாயிடுவாளோ?" எனக்கு மட்டும் என்ன ஜோசியமா தெரியும். துணி ஊறப்போட மறந்தாச்சு.

பிப். 7, புதன்
நாளை ஆபீஸ். பள்ளி விட்டதும் நித்யா கீழ்வீட்டு ஹிந்திக்கார பாபிஜியிடம்தான். பாதி மாத்திரைகளை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். அவளிடமும் "விட்டமின்". வெட்கம்தான், வேறென்ன. பைத்திய மருந்து என்று காலனி முழுக்கப் பேசினால்?

பிப். 8, வியாழன்
நித்யா பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இரண்டேகாலுக்கு ஆபீசிலிருந்து பாபிஜி வீட்டுக்குப் போன் செய்தேன். நித்யா எடுத்தாள். "அம்மா, பாபிஜி கேக்கறாங்க, கோலி எத்தனை?" மாத்திரைக்கு இங்கே கோலி. அதே நேரம் பக்கத்து சீட் லலிதா, "ஏய், சார் கூப்புடறாரு!" "தோ!" என்றேன், லலிதாவுக்கு. போனையும் வைத்துவிட்டேன். எல்லாம் என் ஆரணி வாய், இதோ வரேன் என்பதற்கு வெறும் தோ. அந்தப் பக்கம் கேட்டவள் டெல்லியில் பிறந்தவள். அவளுக்குத் தோ என்றால் ஹிந்தியில் இரண்டு.

நாலு மணிக்கு பாபிஜி போன்: நித்யா சொன்னபடி தோ கோலி கொடுத்தேன், பெண் தூங்கிக்கொண்டே இருக்கிறாள், எதற்கும் உன்னிடம் சொல்லிவிடலாமென்று. மகராசி, மறைக்கவில்லை. மறைத்தவள் நான்.

ஆட்டோவில் ஒரு சாமி பாக்கியில்லை. பாபிஜி வீட்டிலிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன். எழுப்பினால் பதில் சொல்கிறாளா, மூச்சு சரியா என்று கேட்டார். இரண்டு பாதி ஒரு மாத்திரைதானே, பயப்படாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள், எழுப்பி எழாவிட்டால் உடனே கொண்டு வாருங்கள், நாளை மருந்து வேண்டாம். என்னையும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஏழு மணிக்கு எழுந்து, "பசிக்குது." மூன்று தோசை! அழுதுகொண்டேதான் வார்த்தேன்.

பிப். 9, வெள்ளி
வெயில். பாபிஜியிடம் உண்மையைச் சொன்னேன். "பக்லி!" (பைத்தியக்காரியாம்) என்று என் தலையில் தட்டினாள். முன்பே சொல்லியிருந்தால் எண்ணிக் கொடுத்திருப்பேனே என்றாள். மருந்தின் பெயரை எழுதி வாங்கி போன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். பிறகு இஞ்சி டீ. இப்படி ஒருத்தி கீழேயே இருக்க, நான் யாருக்குப் பயந்தேன்?

நித்யா கதவோரம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். மாடி ஏறும்போது சொல்கிறாள்:

"விட்டமின் இல்லைன்னு எனக்கு மாலும், மொதல்லயே தெரியும்."

"எப்படிடி?"

"விட்டமின் குடுக்கறப்ப யாராவது அழுவாங்களா?"

"அப்புறம் ஏண்டி சாப்ட்ட?"

"நீதானேம்மா குடுத்த."