வெறும் கரைசலுக்கு எழும்பிய கோடு

உங்களுடைய வெள்ளைக் கோட்டு இன்று காலை சலவையிலிருந்து திரும்பி வந்தது. நீங்கள் போய் ஏழு கிழமை. சலவைக்காரருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கஞ்சி போட்டு, மடித்து, கழுத்துப்பட்டியில் உங்கள் இலக்கம் தெரிய, ஆய்வுகூட வாசலில் மற்றவர்களின் கோட்டுகளோடு அடுக்கி வைத்திருந்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு எடுத்து மணந்து பார்த்தேன். சவர்க்காரம் மட்டும்தான் மணத்தது. மணந்து பார்த்ததற்காக வெட்கப்பட்டேன்.

என் மேசைக்குப் போனால் அங்கே தடித்த உறை ஒன்று. நம் கட்டுரையின் அச்சுப்படி. பிழை திருத்தி மூன்று நாளில் திருப்பி அனுப்பவேண்டுமாம். உங்கள் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவதாக. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சிறிய சிலுவைக் குறி போட்டிருக்கிறார்கள். இறந்துபோனவர் என்பதற்கு இங்கே அதுதான் அடையாளம். திருநீறு பூசாமல் வீட்டைவிட்டு இறங்காத உங்களுக்குச் சிலுவை. பார்த்தால் சிரித்திருப்பீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. ஒக்டோபரிலிருந்து அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது.

நம் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நீங்கள் எதைக் கண்டாலும் அது சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டவேண்டும். சோறும் பருப்பும் நடுவில் இருக்க, நீங்கள் வரைபடத்தை நீட்டுவீர்கள். நான் அதை உடைக்கப் பார்ப்பேன். இந்தப் புள்ளி ஏன் விலகி நிற்கிறது, அந்தக் குழாயை எத்தனை பாகை வெப்பத்தில் வைத்தீர்கள், ஓமோனை விட்டுவிட்டு வெறும் கரைசலை மட்டும் ஊற்றிப் பார்த்தீர்களா. "எதிர்க்கட்சி இண்டைக்கு நல்ல பசியிலை இருக்குது," என்பீர்கள். ஒருநாள் நான் சலித்துப்போய், "என்னாலை எப்பவும் இப்பிடி நொட்டை சொல்லிக்கொண்டிருக்கேலாது, நல்லாய்த்தான் இருக்கு, அனுப்புங்கோ," என்றேன். நீங்கள் கரண்டியை வைத்துவிட்டீர்கள். "நீர் உடைச்சுப் பாக்காட்டி எனக்கு அதிலை நம்பிக்கை வராது. வடிவாய்ப் பாரும்." அன்று மாலைவரை இருந்து பார்த்தேன். கணக்கில் ஒரு தவறு இருந்தது. கண்டுபிடித்ததும் நீங்கள் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தீர்கள்.

சுவிசில் பாசலுக்கு வந்த புதிதில் கசாப்புக்கூடத்துக்கு இருவருமாகப் போவோம். மாட்டின் பெருநாடி வேண்டும். அந்த இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காய்ப் படிந்திருக்கும் உயிர்க்கலங்களில்தான் ஓமோனைப் பிடிக்கும் உங்களுடைய ஏற்பி இருக்கிறது என்று நீங்கள் நம்பினீர்கள். இரத்தத்தில் செய்தி கொண்டுவரும் ஓமோன் வந்து ஏற்பியில் ஒட்டும், ஒட்டியதும் கலத்துக்குள் கல்சியம் ஏறும், அந்த ஏற்றம்தான் வெளியிலிருந்து வந்த செய்தி உள்ளே போனதற்குச் சாட்சி. நாடியை ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து ட்ராமில் கொண்டுவருவோம். பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி, சுற்றுலாவா என்று கேட்டாள். நீங்கள் பணிவாக ஆமென்றீர்கள். பிறகு என் காதுக்குள், "பட்டிப்பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை போட்ட ஆக்கள் நாங்கள். ஊரிலை சொல்லிப்போடாதையும்," என்றீர்கள். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றினீர்கள்.

பிறகு உங்கள் வலக்கை சோரத் தொடங்கியது. முதலில் கரைசல் உறிஞ்சும் பிப்பெற்றின் பொத்தானை அமத்த முடியவில்லை. நரம்பு மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டு, ஒன்றரை வருடம் என்றார். நான் உங்களிடம் அதை அப்படியே சொன்னேன். மறைப்பேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கவும் இல்லை. "சரி, அப்ப நேரத்தை வீணாக்கேலாது," என்றீர்கள்.

அந்தக் காலத்தில்தான் முறையை மாற்றினோம். முன்பெல்லாம் கலங்களைச் சுரண்டி எடுத்து, கரைசலில் மிதக்கவிட்டு, கலக்கிக்கொண்டே அளப்போம். சுரண்டினால் அவை காயப்படுகின்றன என்று சொல்லி, சிறு கண்ணாடித் தகட்டிலேயே அவற்றை வளர்த்து, மேலிருந்து ஓமோன் கரைசலை ஊற்றி அளக்கலாம் என்றீர்கள். கல்சியம் கூடினால் கலத்துக்குள் இருக்கும் சாயம் ஒளிரும். ஒளி கூடக்கூட, உருளும் தாளில் பேனை மேலே ஏறும். நீங்கள் இடக்கையால் மெதுவாக ஊற்றினபோது பேனை பெரிதாக அசையவில்லை. நான் ஊற்றினபோது ஏறியது. நீங்கள் இருந்த கதிரையிலேயே துள்ளினீர்கள்.

"உம்மடை கைராசியப்பா!"

"கைராசிக்கு அளவுகோல் இருக்கோ?" என்று கேட்டேன்.

"பாத்தீரோ, துவங்கிவிட்டீர்."

வெறும் கரைசலை ஊற்றிப் பார்க்கும் சோதனையைப் பழைய முறையில் எத்தனையோ தடவை செய்திருந்தோம். அதில் எதுவும் ஏறியதில்லை. புதிய முறைக்கும் அதுவே பொருந்தும் என்று இருவருமே எண்ணிக்கொண்டோம். நான்கூட எண்ணினேன். சனிக்கிழமைகளில் இப்போது உங்களுக்கு நான் ஊட்டிவிடவேண்டியிருந்தது. உங்கள் வாயில் கரண்டியை வைத்துக்கொண்டு கேள்வி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஒக்டோபரில் ஒரு பின்னேரம். நீங்கள் சக்கரக் கதிரையில் எனக்குப் பின்னால், தாளைப் பார்த்தபடி இருந்தீர்கள். நான் ஊற்றினேன். பேனை வழமைபோல் செங்குத்தாய் ஏறியது. குழாயைத் திருப்பி வைக்கும்போதுதான் மூடியின் நிறத்தைக் கண்டேன். நான் எடுத்தது ஓமோன் குழாய் அல்ல. அதற்குப் பக்கத்தில் இருந்த வெறும் கரைசல்.

"எழும்புது, பாத்தீரோ!" என்றீர்கள். உங்கள் குரல் அப்போது பாதி காற்றாகிவிட்டிருந்தது.

"ஓம்," என்றேன்.

அவ்வளவுதான். அந்தத் தாளைக் கிழித்து மடித்து என் கைப்பைக்குள் வைத்தேன். அடுத்த மாதம் கட்டுரையை நானே தட்டச்சு செய்து, நானே தபாலில் சேர்த்தேன். மாசியில் அதை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. நீங்கள் வாசித்துக் காட்டச் சொன்னீர்கள். மூன்று தரம் வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்கள் தங்கச்சிக்கு எழுதச் சொன்னீர்கள். எழுதினேன். பங்குனியில் போய்விட்டீர்கள்.

இன்று காலை அந்த அச்சுப்படியைத் திருத்தாமல் வைத்துவிட்டு முதலில் செய்யவேண்டியதைச் செய்தேன். கலங்கள் வளர்ந்த தகடுகள் பன்னிரண்டு இருந்தன. ஆறில் வெறும் கரைசலை வேகமாய் ஊற்றினேன். ஆறிலும் பேனை ஏறியது. மற்ற ஆறில் ஓமோனைப் பாத்திரச் சுவரோடு சுவராய் மிக மெதுவாக வடியவிட்டேன். பேனை நேரே ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஓமோனைப் பிடிக்கும் ஏற்பி அங்கே இல்லை. அந்தக் கலங்கள் ஊற்றின வேகத்துக்குத்தான் பதில் சொல்லியிருக்கின்றன. கைராசி என்றீர்களே, கைதான்.

தாள்களை ஆய்வுகூடத் தலைவரிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "இது அவருடைய கடைசிக் கட்டுரை. அச்சாகட்டும். தவறென்றால் வேறு யாராவது ஒருநாள் சொல்லுவார்கள். நீங்கள்தான் சொல்லவேண்டும் என்று இல்லையே," என்றார்.

"எனக்குத் தெரியுமே," என்றேன். தாள்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால் உங்கள் தங்கச்சியின் கடிதம் கிடந்தது. வழியில் எங்கெங்கோ மறிபட்டு வந்திருக்கிறது. "மச்சாள், அண்ணையின்ரை பேர் அச்சிலை வந்தவுடனை ஒரு பிரதி அனுப்புங்கோ. எனக்கு இங்கிலீசு விளங்காது, அது பரவாயில்லை. அண்ணையின்ரை படத்துக்குக் கீழை வைக்கப்போறன். இஞ்சை சுத்திவர ஒரே செல்லடி, குண்டுச் சத்தம். ஒரு நல்ல விசயம் வீட்டிலை இருக்கட்டும்," என்று எழுதியிருக்கிறாள்.

குசினிக்குள் அடுப்படித் தரையில் இருந்துவிட்டேன். ஐம்பதை நெருங்குகிற நான், ஒருவர் முன்னாலும் அழுது பழகாத நான், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் பிடிக்காது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழும்பித் தட்டச்சுப்பொறியின் முன்னால் உட்கார்ந்து பத்திரிகை ஆசிரியருக்கு நான்கு வரி எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், காரணம் இது, தாள்கள் இணைத்திருக்கிறேன். "பெறுகிறோம்" என்று பன்மையில்தான் எழுதினேன். தபாற்கந்தோர் மூடுவதற்கு முன் ஓடிப்போய் விரைவுத்தபாலில் சேர்த்தேன். தங்கச்சிக்கு இன்னும் எழுதவில்லை. என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்களைக் காப்பாற்றத்தான் அந்த "ஓம்" சொன்னேன் என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். சாகப்போகிற மனிதனிடமிருந்து கடைசிச் சந்தோசத்தையும் பிடுங்குவதா என்று. தபாற்கந்தோரிலிருந்து திரும்பி வரும்போது, வெட்ஸ்ரைன் பாலத்தின் நடுவில், அது அப்படி இல்லை என்று விளங்கியது. றைன் ஆறு கீழே பனி உருகிய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று நான் குழாயைத் தூக்கிக் காட்டி, "இஞ்சருங்கோ, இது வெறும் கரைசல்," என்று சொல்லியிருந்தால் நீங்கள் கட்டுரை வீணாய்ப் போகிறதே என்று முதலில் நொந்திருப்பீர்கள். அதற்குப் பிறகு உங்கள் கண் எப்படி மாறும் என்பது எனக்குத் தெரியும். "அப்ப ஊத்துறது கலத்துக்குத் தெரியுது. இரத்தம் ஓடுற குழாயிலை இருக்கிற கலமல்லோ? ஓட்டம் அதுக்குத் தெரியாமல் இருக்குமோ? தெரியுதெண்டால் எதாலை தெரியுது? இன்னொருக்கால் ஊத்தும், மெல்லமாய். இப்ப வேகமாய்." இதை நீங்கள்தான் கேட்டிருப்பீர்கள். எனக்கு உடைக்க மட்டும்தான் தெரியும். உடைந்ததற்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர் நீங்கள். அந்தக் கேள்வி இப்போது என்னிடம் கிடக்கிறது. நான் அதை எந்தப் பக்கத்தால் தூக்குவது என்று தெரியாமல் சுற்றிச்சுற்றி வருகிறேன்.

ஒக்டோபரிலிருந்து பங்குனிவரை ஐந்து மாதம். கை போன பிறகும், குரல் போன பிறகும் உங்களுக்குத் தலை தெளிவாகத்தான் இருந்தது. கண்ணை மூடித் திறந்து ஓம், இல்லை சொல்லுவீர்கள். அந்த ஐந்து மாதமும் நினைத்துக்கொண்டிருக்க உங்களுக்கு ஒரு கேள்வி இருந்திருக்கும். அதற்குப் பதிலாக நான் முடிந்துபோன ஒன்றை, அதுவும் பொய்யை, மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். வீட்டிலிருந்த ஒரே எதிர்க்கட்சியும் உங்களை நோயாளி என்று எண்ணிக் கைவிட்டது. மருத்துவர்கள்கூட உங்களை அப்படி நடத்தவில்லை.

அந்த ஐந்து மாதத்தைத்தான் நான் சுமந்துகொண்டு திரிகிறேன். கடைசிவரை அவரை எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.