ரேகை விழாத விரல்களும் எட்டு வாரமாகத் திரும்பி வராத ஓட்டுநர் உரிமமும்

அனுப்புநர்
சு. முத்துசெல்வி,
பதினோராம் வகுப்பு மாணவி,
த/பெ. சுடலைராஜ்,
வடக்குத் தெரு, மேலச்செவல்குளம்,
கோவில்பட்டி வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு காவல் துணைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
கோவில்பட்டி.

பொருள்: விரல் ரேகைப் பூட்டு பொருத்திய காரை ஓட்டிவந்த என் தந்தையைத் திருடர் எனச் சந்தேகித்து வாங்கி வைத்த ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பித் தரவும், வாராவாரம் அவரிடம் ரேகை எடுப்பதை நிறுத்தவும் வேண்டுவது தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து 16.10.2006, 6.11.2006 ஆகிய நாட்களில் எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் நேரில் கொடுத்த இரண்டு மனுக்கள். (இரண்டுக்கும் ரசீது தரப்படவில்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை சுடலைராஜ் எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆலை உரிமையாளர் திரு. அழகிரிசாமி அவர்களின் அம்பாசிடர் காரை ஐந்து ஆண்டுகளாக ஓட்டி வந்தார். அதற்கு முன்பு பதினான்கு ஆண்டுகள் அதே ஆலையில் தீக்குச்சிக்கு மருந்து முக்கும் வேலை செய்தார். மூச்சிரைப்பு வந்து, இனி அந்த அறைக்குள் போகக்கூடாது என்று அரசு மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே கார் ஓட்டக் கற்று, உரிமம் எடுத்தார். மருத்துவர் சீட்டின் நகலை இணைத்துள்ளேன்.

2. சென்ற ஆனி மாதம் உரிமையாளரின் உறவினர் ஒருவரின் கார் கல்யாண மண்டப வாசலிலிருந்து திருடு போனது. அதனால் பயந்து, உரிமையாளர் தம் மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய விரல் ரேகைப் பூட்டைத் தம் காரில் பொருத்தினார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ள சிறு கண்ணாடியில் பதிவு செய்த விரலை வைத்தால்தான் சாவி போட்டு வண்டியைக் கிளப்ப முடியும். அணைத்துவிட்டால் மறுபடியும் விரல் வைக்க வேண்டும்.

3. உரிமையாளரின் கட்டைவிரல் உடனே பதிந்தது. என் தந்தையின் பத்து விரல்களில் ஒன்றும் பதியவில்லை. துடைத்துப் பார்த்தார்கள், ஸ்பிரிட் போட்டுப் பார்த்தார்கள். பொருத்த வந்த தூத்துக்குடி மெக்கானிக், “அண்ணாச்சி, ஒங்க விரலு வழுக்கத் தேங்கா மாதிரில்லா இருக்கு. மிஷினு என்னத்தப் பிடிக்கும்?” என்று கேட்டார். ஒட்டிய பெட்டிகளை ஆலையில் கொடுக்க வந்திருந்த என் தாய் ஆவுடைத்தாயின் விரலையும் வைத்துப் பார்த்தார்கள். அதுவும் பதியவில்லை. பசையும் அட்டையும் அவர் விரலைத் தேய்த்திருந்தன.

4. கடைசியில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். என் கட்டைவிரல் முதல் முறையிலேயே பதிந்தது. தங்கள் பிள்ளை தீப்பெட்டி வேலையைத் தொடக்கூடாது என்று என் பெற்றோர் என்னைப் படிக்க மட்டுமே வைத்தார்கள். எங்கள் வீட்டில் ரேகை உள்ள ஒரே ஆள் நான் என்பது அன்றுதான் தெரிந்தது. “படிக்கிற பிள்ள கையி, வேல முடிஞ்சிது” என்று உரிமையாளர் மெக்கானிக்கை அனுப்பிவிட்டார்.

5. அன்று முதல் நான் தினமும் காலை ஏழு மணிக்கு ஆலைக்குப் போய், விரல் வைத்து, காரைக் கிளப்பிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குச் செல்வேன். உரிமையாளர் உடன் வராத நாட்களில் என் தந்தை வேலை முடியும்வரை வண்டியை அணைக்கவே மாட்டார். டீக்கடை, லாரி செட், கூட்டுறவு வங்கி என்று எங்கே நின்றாலும் கார் உறுமிக்கொண்டே நிற்கும். திருட்டுப் போகாமல் இருக்கப் பொருத்திய கருவியால் அந்தக் கார் நாள் முழுவதும் யார் வேண்டுமானாலும் ஏறி ஓட்டிப் போகும்படி நின்றது. இதை நான் உரிமையாளரிடம் மரியாதையுடன் எடுத்துச் சொன்னேன். “நீ பாடத்தப் படிம்மா” என்றார்.

6. 28.9.2006 வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, உரிமையாளர் வீட்டு விசேஷத்துக்காகக் கடம்பூரில் இரண்டு பெட்டி போளி வாங்கிக்கொண்டு என் தந்தை தனியாகத் திரும்பி வந்தார். வழியில் வாகனச் சோதனை. எல்லாத் தாள்களையும் காட்டினார். எஞ்சினை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்று கெஞ்சினார். அப்படிக் கெஞ்சியதே சந்தேகமாகிவிட்டது. காவலர் ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தார். “இப்போ எடுவே பாப்போம்” என்றார். என் தந்தையால் எடுக்க முடியவில்லை. என் மகள் விரல் இருந்தால் எடுத்துவிடலாம் என்று அவர் உண்மையைச் சொன்னபோது அங்கிருந்தவர்கள் சிரித்தார்களாம்.

7. காரை டிராக்டரில் கட்டி இழுத்துக் காவல் நிலையத்தில் நிறுத்தினார்கள். உரிமையாளர் அன்று திருப்பதியில் தரிசன வரிசையில் நின்றதால் அவருடைய செல்போனுக்குப் பேச முடியவில்லை. செய்தி கேட்டு நானும் என் தாயும் டவுன் பஸ்ஸில் நான்கு மணிக்கு நிலையத்துக்குப் போனோம். நான் விரல் வைத்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும் என்று தலைமைக் காவலரிடம் வேண்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஏட்டி, அது கேசு வண்டி. அதுல ஒன் கை படக்கூடாது.” உண்மையை நிரூபிக்கும் ஒரே வழியை, நிரூபணம் கெட்டுவிடும் என்று சொல்லித் தடுத்தார்கள். நான் எட்டடி தூரத்தில் நின்று அந்தக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

8. மறுநாள் மாலை உரிமையாளர் ரயிலில் வந்து, விரல் வைத்து, காரை எடுத்துச் சென்றார். என் தந்தையையும் அவருடன் அனுப்பினார்கள். டிக்கியில் இருந்த இரண்டு பெட்டி போளி திரும்பி வராததைப் பற்றி நான் புகார் எதுவும் சொல்லவில்லை. என் குறை உரிமத்தைப் பற்றியது மட்டுமே.

9. கார் திருடப்பட்டது அல்ல என்று உரிமையாளர் எழுதிக் கொடுத்த பிறகும் உரிமத்தைத் தரவில்லை. காரணம், முதல் நாள் நிலையத்தில் என் தந்தையின் ரேகையை எடுத்தபோது தாளில் பத்து மைப் பொட்டுகள்தாம் விழுந்தன. “ரேகைய அழிச்சிட்டுத் திரியுதான். பழைய ஆளா இருப்பான்” என்று சார்பு ஆய்வாளர் கூறினார். ரேகை தெளிவாக விழும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டு மணிக்கு வர வேண்டும் என்றும், விழுந்த பிறகே உரிமம் என்றும் சொல்லிவிட்டார்.

10. அதன்படி அக்டோபர் 2 முதல் நவம்பர் 20 வரை எட்டுத் திங்கட்கிழமைகள் அவர் சென்றிருக்கிறார். காந்தி ஜெயந்தி விடுமுறை என்பதால் முதல் வாரம் நானும் கூடச் சென்றேன். நன்றாகக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டு போனார். ஒரு வாரம் கையால் எந்த வேலையும் செய்யாமல் வரச் சொன்னார்கள். அப்படியே போனார், என் தாய் சோறு பிசைந்து கொடுத்தார். தீபாவளி முடிந்த வாரம் புது மைப்பெட்டி வந்தது. நவம்பர் 13 அன்று இடது சுண்டுவிரலில் மட்டும் ஏதோ கோடு விழுந்தது. “ஒண்ணு தேறிட்டு, இன்னும் ஒம்பதுதான்” என்று தலைமைக் காவலர் சந்தோஷப்பட்டார். அது மருந்து தீப்பற்றியபோது ஏற்பட்ட தழும்பு. இதைச் சொன்னால் அந்த ஒன்றும் போய்விடுமே என்று என் தந்தை சும்மா இருந்துவிட்டார்.

11. வேதிப்பொருளாலும் ஓயாத உராய்வாலும் விரல் ரேகை மங்கிப்போகும் என்று எங்கள் உயிரியல் ஆசிரியை யோகலட்சுமி அவர்கள் விளக்கினார். ஆயினும் ஒருவர் சொல்வதை மட்டும் நம்பாமல் எங்கள் தெருவில் இருபது பேரிடம் மைப்பெட்டியில் கட்டைவிரல் பதிவு எடுத்தேன். அவர்களில் பதினொரு பேர் பத்து ஆண்டுகளுக்கு மேல் தீப்பெட்டி வேலை செய்பவர்கள். அந்தப் பதினொன்றில் எட்டு, பொட்டாகவே விழுந்தன. ஆடு மேய்க்கும் இசக்கிபாண்டி அவர்களின் ரேகை அச்சடித்தது போல இருக்கிறது. தாளை இணைத்துள்ளேன். ரேகை இல்லாதவரெல்லாம் குற்றவாளி என்றால் எங்கள் தெருவில் ஐந்தில் இரண்டு பேரைப் பிடிக்க வேண்டிவரும். பெட்டி ஒட்டும் பத்திரகாளி அக்காள் தம் விரலைப் பார்த்துவிட்டு, “நான் எந்த ஊர்ல என்னத்தக் களவாண்டேன், சொல்லு” என்று கேட்டார்.

12. உரிமம் இல்லாததால் காருக்கு வேறு ஓட்டுநர் வந்துவிட்டார். உரிமையாளர் கெட்டவர் அல்லர். எட்டு வாரம் பொறுத்தார். மருந்து முக்கும் அறையில் ஓர் ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டதால், சென்ற ஞாயிற்றுக்கிழமை என் தந்தையிடம், “லைசென்ஸ் வந்தா வண்டி ஒனக்குத்தான். அதுவரைக்கும் சும்மா வச்சிருக்க முடியாதுல்லா. வர்ற வாரம் முடிஞ்சி, அடுத்த திங்கக்கெழம ஒம்பது மணிக்கு முக்கு ரூமுக்கு வந்துரு” என்று சொல்லிவிட்டார். என் தந்தை சரி என்று தலையசைத்தார். மருத்துவர் சீட்டை எடுத்துக் காட்டும்படி நான் சொன்னேன். காட்டவில்லை.

13. எனவே ஐயா, அந்த உரிமத்தைத் திருப்பித் தரவும், தீப்பெட்டித் தொழிலாளரிடம் ரேகை எடுக்கும்போது அவர் செய்த தொழிலையும் கேட்டு எழுதிக்கொள்ளவும் நிலையத்துக்கு உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இதில் புதிதாக விசாரிக்க ஒன்றுமில்லை. உரிமத்தில் அவர் புகைப்படம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, இரண்டும் அவருடன் ஒத்துப்போகின்றன.

14. வருகிற 27.11.2006 திங்கட்கிழமை எட்டு மணிக்கு என் தந்தை வழக்கம்போல ரேகை கொடுக்கக் காவல் நிலையத்துக்கு வருவார். ஒன்பது மணிக்கு அவர் மருந்து முக்கும் அறைக்குள் போக வேண்டும். நிலையத்திலிருந்து ஆலைக்கு நடந்தால் இருபத்தைந்து நிமிடம். தங்கள் உத்தரவு எட்டு முப்பத்தைந்துக்குள் நிலையத்துக்கு வந்து சேர்ந்தால் போதும்.

நாள்: 22.11.2006
இடம்: மேலச்செவல்குளம்

இப்படிக்கு, தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
சு. முத்துசெல்வி

மேலே எழுதியதை வாசிக்கக் கேட்டேன். சரியாக உள்ளது.
சுடலைராஜ் (கையெழுத்து)