ராணியோட நாலாவது ஈத்து

உன் பையை மாட்டாஸ்பத்திரில திருப்பிக் கேட்டிருக்காங்க. புதுசா வந்த டாக்டருக்கு வேணுமாம். எல்லாம் சரியா இருக்கான்னு பாக்க இன்னைக்குக் காலைல திறந்தேன். ஸ்பிரிட் வாசனையும் ரப்பர் வாசனையும் சேர்ந்து மூஞ்சில அடிச்சுது. வேலை முடிஞ்சு வந்து, முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவின பிறகும் உன்மேல இருக்குமே, அதே வாசனை. சாப்பிடும்போது நான் மூக்கைச் சுளிச்சா, "கட்டிக்கறதுக்கு முன்னாடி மோந்து பாத்திருக்கணும்"னு சொல்லுவே.

பைக்கு அடியில ட்ரிப் ட்யூப் சுருண்டு கிடந்துது. அதைக் கையில எடுத்ததும் செம்பாக்கம் ஞாபகம்தான் வந்துது. எஸ்தர் அக்கா வீட்டு ராணி.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. போன வருஷத்து ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்துது. நாம சாப்பிட உக்காந்த நேரம், அக்கா ஆட்டோல வந்து எறங்கி, கேட்டைப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. "டாக்டரம்மா, ராணி நேத்துதான் மூணாவது கன்னு போட்டா. நல்லாத்தான் இருந்தா. காலைலேர்ந்து எந்திரிக்க மாட்டேங்கறா." புருஷன் போன பிறகு அந்த ஒரு மாட்டை வெச்சுத்தான் அவங்க வீடு ஓடுச்சு. நீ சாதத்தை அப்படியே தட்டு போட்டு மூடிட்டு எழுந்தே. "நீங்களும் வாங்க. பாட்டில் புடிக்க ஆள் வேணும்"னே.

ஏரி தளும்பிக்கிட்டு இருந்துது. பாதி ரோட்டுல தண்ணி. என் மொபெட்டைத் தள்ளிக்கிட்டுத்தான் போய்ச் சேந்தோம். கொட்டகைல ராணி படுத்திருந்த விதத்தை நான் மறக்கவே இல்ல. கழுத்தைத் திருப்பித் தலையைத் தன் விலாமேல வெச்சிருந்தா. தூங்கற குழந்தை மாதிரி. அழகா இருக்குன்னுகூட ஒரு நிமிஷம் நினைச்சேன். நீ அவ காதைத் தொட்டே. "தொட்டுப் பாருங்க"ன்னே. விடியக்காலைல கம்பெனிக்கு மொத ஆளாப் போய்த் தொடற இரும்பு மாதிரி சில்லுன்னு இருந்துது.

சந்து முனைல ஒரு மினி லாரி. அடிமாட்டு புரோக்கர் வாசல்லயே நின்னுகினு இருந்தார். யார் சொல்லி வந்தாரோ. "இன்னா டாக்டரம்மா, படுத்த மாடு எங்க எந்திரிக்கப் போவுது? உயிரு கீறப்பவே ஏத்திட்டா அக்காவுக்கும் பேஜார் இல்ல."

"அண்ணா, முனைல ஒரு டீ சாப்பிட்டு வாங்க. அப்பவும் அவ படுத்திருந்தா நீங்க பேசுங்க, நான் கேக்கறேன்"னே. அவர் மேல உனக்குக் கோபம் இல்ல. அது எனக்கு ஆச்சரியமா இருந்துது.

வெந்நீர்ல கால்சியம் பாட்டிலை வெச்சுட்டு அக்காகிட்ட கேட்டே. "நேத்து எவ்ளோ கறந்தீங்க?"

"முழுசாத்தான். சீம்பாலாச்சே டாக்டரம்மா! வெல்லம் போட்டுக் காய்ச்சித் தெரு முழுக்கக் குடுத்தேன். பாய் கடை, குருக்கள் வூடு, சர்ச்சாண்ட டீச்சர் வூடு. ஒரு வூடு வுடல." அழுகைக்கு நடுவுலயும் அவங்க மொகத்துல ஒரு பெருமை வந்துட்டுப் போச்சு.

நீ திட்டல. கழுத்துல நரம்பைத் தேடிக்கிட்டே, சின்னக் குரல்ல எனக்கு மட்டும் சொன்னே. "பால்ல போற கால்சியம் ரத்தத்துலேர்ந்து போகுது. எலும்புலேர்ந்து வந்து அது ரொம்பறதுக்குள்ள மொத்தமும் கறந்துட்டாங்க. நாட்டு மாடு இப்படி விழறது அபூர்வம். அது இவ்ளோ கறக்காது. இது ஜெர்சி கலப்பு. நமக்கு நிறைய பால் வேணும்னு நாமதான் இவளை இப்படி ஆக்கி வெச்சிருக்கோம். கேட்டா குடுத்துக்கிட்டே இருப்பா. போதும்னு நிறுத்த இவளுக்குத் தெரியாது."

அப்புறம் ஊசி ஏறிச்சு. நான் பாட்டிலைத் தலைகீழாத் தூக்கிப் புடிச்சேன். நீ சகதில முட்டி போட்டு, அவ முன்னங்காலுக்குப் பின்னால ஸ்டெதஸ்கோப்பை வெச்சுக் கண்ணை மூடிக்கிட்டே. "ஏங்க, கீழ. இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், அங்கயே. வேகமாப் போச்சுன்னா ஹார்ட் நின்னுடும்."

உயரம் கூடினா அழுத்தம் கூடும், ஓட்டம் கூடும். டிப்ளமா மொத வருஷம் படிச்சது. கிண்டி கம்பெனில தினமும் அழுத்தம் காட்டற கேஜ்களைச் சரிபாக்கறதே என் பொழப்பு. ஆனா ட்யூபோட அந்தப் பக்கத்துல ஒரு இதயம் இருந்தது அன்னைக்கு மட்டும்தான். என் கை ஒரு சாண் உயர்ந்தா ராணி செத்துப் போவா. நான் மூச்சைக்கூடப் பாத்துத்தான் விட்டேன்.

அக்கா "ஏசப்பா, ஏசப்பா"ன்னு முணுமுணுத்துக்கிட்டே இருந்தாங்க.

முதல்ல தோல் நடுங்கிச்சு. தொடைல ஒரு நடுக்கம், ஏரித் தண்ணி மேல காத்து போற மாதிரி. வறண்டு கிடந்த மூக்குல முத்து முத்தா வேர்வை கட்டிச்சு. நான் பாக்கப் பாக்கத்தான் கட்டிச்சு. அப்புறம் ஒரு ஏப்பம். அப்புறம் பொதக்குன்னு சாணி போட்டா. அக்கா கை தட்டினாங்க. சாணிக்குக் கை தட்டி நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

பாட்டில் காலியாச்சு. நீ ஊசியை எடுத்துட்டு அவ முதுகுல ஒரு தட்டு தட்டினே. ராணி தலையைத் திருப்பி உன்னைப் பாத்தா. பின்னங்கால் ரெண்டையும் ஊனினா. ஒரு தடவை சறுக்கிச்சு. மறுபடி ஊனினா. அவ்ளோ பெரிய உடம்பு, அரை மணி முன்னாடி பொணம் மாதிரி கிடந்தது, எழுந்து நின்னு கன்னைத் தேடி "ம்மா"ன்னுது.

டீ குடிச்சுட்டு வந்த புரோக்கர் வாசல்லயே நின்னுட்டார். "அட, எந்திரிச்சிகிச்சே!" கிட்ட போய் அவ நெத்தியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். "டாக்டரம்மா, நீ இந்த ஏரியாவுல இருந்தா எனுக்குப் பொழப்பு நாஸ்தி"ன்னு சிரிச்சுகினே லாரில ஏறிப் போனார்.

கெளம்பும்போது அக்காகிட்ட சொன்னே: "ஒரு தடவை விழுந்தவ அடுத்த ஈத்துலயும் விழுவா. கன்னு போட்ட மொத மூணு நாள் மடியை ஒட்டக் கறக்கக் கூடாது. கொஞ்சமாக் கறந்துட்டு மிச்சத்தை விட்டுடணும்."

"தெருவுல கேப்பாங்களே?"

"டாக்டரம்மா பொல்லாதவன்னு சொல்லிடுங்க."

திரும்பி வரும்போது தண்ணியைத் தாண்டினதும் மொபெட்ல ஏறினோம். "எத்தனையோ மாட்டை எழுப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் எனக்கே நம்ப முடியலங்க"ன்னு என் முதுகுல சாஞ்சுக்கிட்டே.

தை மாசம் உன்னைக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரில சேர்த்தோம். உன் கட்டில் பக்கத்துலயும் ஒரு பாட்டில் தொங்கிச்சு. அதை ஸ்டாண்டு புடிச்சுக்கிட்டு இருந்துது, எனக்கு வேலை இல்ல. சொட்டு சரியா விழுதான்னு மட்டும் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். கடைசியா உன் காதைத் தொட்டேன், சில்லுன்னு இருந்துது. ஏன் காதைத் தொடறேன்னு நர்ஸுக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சுடுச்சு.

அதுக்கப்புறம் எனக்குள்ள ஒண்ணும் இல்ல. அழுகைகூட வரல. ட்ரெயின் புடிக்கறேன், கேஜைப் பாக்கறேன், திரும்பி வரேன். உங்கம்மா பயந்துக்கிட்டு, "மாப்ள, வாய் விட்டு அழுதுடுங்க"ன்னாங்க. அது எப்படின்னே தெரியல.

போன வாரம் எஸ்தர் அக்கா வந்தாங்க. ராணி நாலாவது கன்னு போட்டுட்டா. "தம்பி, இந்த தபா வுழுந்தா யாரைக் கூப்புடுவேன்? புது டாக்டர் இன்னும் வேலைல சேரல. நீ சும்மா வந்து நில்லு, போதும்"னாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லியும் கேக்கல. லீவு போட்டுட்டு மூணு நாளும் காலைல போய் நின்னேன்.

அக்கா நீ சொன்ன மாதிரியே செஞ்சாங்க. ஒரு சொம்புதான் கறப்பாங்க, சட்டுன்னு எழுந்துடுவாங்க. மடி இன்னும் கனத்துக்கிட்டுத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு அம்மா கிண்ணத்தோட வந்து, "என்ன எஸ்தரு, சீம்பாலுக்கு ரேஷனா? போன தபா சொம்பு சொம்பாக் குடுத்தியே!"ன்னாங்க. அக்கா சளைக்கல. "எங்க டாக்டரம்மா பொல்லாதவங்க. அவங்க உத்தரவு"ன்னாங்க. அந்தம்மா என்னைப் பாத்தாங்க. கிண்ணத்தை முந்தானைல மறைச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

மூணாம் நாளும் ராணி விழல.

ஒண்ணுமே நடக்கல, அவ்ளோதான். பாட்டில் இல்ல, லாரி இல்ல, யாரும் கை தட்டல. ஒரு மாடு வைக்கோல் மென்னுக்கிட்டு நாலு கால்ல நின்னுது. ரோட்டுல போறவங்க யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. அன்னைக்கு அவ எழுந்ததைவிட இன்னைக்கு விழாம நிக்கறதுதான் எனக்குப் பெருசாத் தெரிஞ்சுது. நடக்காமப் போனதைக் காட்டற கேஜ் எதுவும் எங்க கம்பெனில இல்ல. நான் மட்டும்தான் அதைப் பாத்துக்கிட்டு நின்னேன். உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. நீ போன பிறகு என் உடம்பு எதுக்காவது பதில் சொன்னது அப்பதான்.

கன்னு போய் மடியை முட்டிச்சு. அதுக்கு வேண்டிய மட்டும் பால் இருந்துது. அது வயிறு ரொம்பற வரைக்கும் நான் அங்கயே நின்னுட்டு வந்தேன்.