ஜாலான் துக்காங் எமாஸில் ஒரு ஞாயிறு

மெர்லிமாவ்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் திவ்யதர்ஷினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இங்கே சுகம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளை தினேஷ்வரனும் நலமாக இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். எப்போதும் வாட்ஸ்அப்பில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று யோசிப்பாய். இந்த உறைக்குள் ஒரு படம் இருக்கிறது. அதைப் போனில் பிடித்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய நீர்வண்ணப் பெட்டியை வெகுநாள் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். காரணம் உனக்கே தெரியும். எங்களிடம் சொல்லாமல் நீ பதிவுத் திருமணம் செய்துகொண்டதிலிருந்து அப்பா உன் பெயரை எடுப்பதில்லை. ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்த பிறகு யாரிடமுமே பேச்சு குறைந்துவிட்டது. இழுத்துக்கொண்ட வாயை நாலு பேர் பார்ப்பார்கள் என்று கோவிலுக்குக்கூட வருவதில்லை.

பக்கத்துத் தெரு பவானேஸ்வரி டீச்சர்தான் என்னை வெளியே இழுத்தார். மலாக்கா டவுனில் ஞாயிறு காலையில் சிலர் கூடி, பழைய கட்டடங்களுக்கு எதிரே உட்கார்ந்து வரைகிறார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் உண்டு. "வீட்டுலயே கிடந்தா நீங்களும் படுத்துடுவீங்க லா அக்கா, வாங்க" என்றார். அப்பாவைத் தனியாக விடமுடியுமா? அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். இறங்கமாட்டேன் என்றுவிட்டார். நிழலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு, நீ அனுப்பிய பெட்டியைத் திறந்து வரைந்தேன். சில வாரங்கள் இப்படியே போயின.

போன ஞாயிறு ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு பழைய மாடிக் கடைவீடு. நீலச் சுண்ணாம்பு உரிந்து, அடியில் இருந்த மஞ்சள் தெரிந்தது. பாட்டை அலறவிட்டுக்கொண்டு டூரிஸ்ட்டுகளின் ரிக்‌ஷாக்கள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. நான் மேல்மாடி ஜன்னலை வரைவதும் அழிப்பதுமாக இருந்தேன். பின்னால் "கோணல்" என்று ஒரு குரல். திரும்பினால் அப்பா, கம்பை ஊன்றி நிற்கிறார். தானாகவே இறங்கி வந்திருக்கிறார், திவ்யா! சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல், "அப்ப நீங்களே போடுங்க" என்றேன்.

குழுவை நடத்தும் மிசஸ் லிம் தன் நாற்காலியை அவருக்குப் போட்டார். பலகையில் புதுத் தாளை ஒட்டி மடியில் வைத்தார். அங்கே யாரும் அப்பாவின் வாயைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் கட்டடத்தின் மேல்தான். அதற்காகவே அந்த மனிதர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இடது கையில் தூரிகையைப் பிடித்துக்கொண்டு அப்பா பெட்டியையே பார்த்தார்.

"அவ அனுப்புனதுதானே?"

நான் பயந்துகொண்டே தலையாட்டினேன்.

"அரிசி டின்னு பின்னாலயே பார்த்துட்டேன்" என்று குழறலாகச் சொல்லிவிட்டு, நீலத்தைத் தொட்டார்.

மற்றவர்கள் கடையில் ஐஸ் போட்ட செண்டோல் குடித்துவிட்டு வந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. சுவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, நீலம் வழிந்து ரோட்டில் ஓடுகிறது. நீயே பார்ப்பாய். கடைசியில் எல்லாரும் படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுவது அவர்கள் வழக்கம். அப்பாவும் குனிந்து வெகுநேரம் எழுதினார். கணேசமூர்த்தி என்ற நீளப் பெயரை எழுதச் சிரமப்படுகிறார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், 'அப்பா' என்று எழுதியிருந்தார்.

என்ன எழுதியிருக்கிறார் என்று மிசஸ் லிம் கேட்டார். சொன்னேன். எத்தனை பிள்ளைகள் என்று அவரிடமே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா மலாயில், ஒரே மகள், தூரத்தில் இருக்கிறாள் என்றார். அப்புறம் கார் கண்ணாடியை ஏற்றச் சொல்லிவிட்டு வீடு வரும்வரை வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

நேற்று படத்தை என்னிடம் நீட்டி, "போஸ்ட் பண்ணிடு, மடிக்காத" என்றார். யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உனக்கு நான் எதுவும் புத்தி சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்று. ஞாயிறு சாயங்காலம் வீட்டுப் போனுக்குக் கூப்பிடு. நான் அந்த நேரம் டீச்சர் வீட்டுக்குப் போய்விடுவேன். மணி நிறைய நேரம் அடிக்கும். வைத்துவிடாதே அம்மா. அவர் எழுந்து நடந்து வர நேரமாகும்.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்கவேண்டும்.

உன் அம்மா,
மங்களம்